பிரதம அதிதி இல்லாத கூட்டம்

சாராயக் கடைக்குப் பலகை தொங்குகிற ஊரல்ல மாவடிப்பள்ளி. காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் பாதையில், வயலுக்கு நடுவே கிடக்கிற சின்ன முஸ்லிம் கிராமம். மேற்கே சம்மாந்துறை, கொஞ்சம் வடக்கே கல்முனை. பாங்குச் சத்தம் எட்டாத வளவு இங்கே கிடையாது. குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். மஃரிபுக்கு முன்னே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்பாறைப் பக்கம் போய், இஷாவும் முடிந்து ஊர் அடங்கிய பிறகு வெற்றிலையோ ஏலக்காயோ மென்றபடி வந்து சேர்வார்கள். சுபஹுக்கு எழும்பாவிட்டால் "உடம்புக்குச் சுகமில்ல" என்று வீட்டார் சொல்வார்கள். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்குத் தெரியும், அடுத்த வளவுக்குத் தெரியும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கும் தெரியும். தெரியாதது போல நடந்துகொள்வதில் ஊருக்குள் அப்படியொரு ஒற்றுமை.

சாராயம் வெளியாரின் சரக்கு என்று சொல்லிக்கொள்வது நமக்கு ஓர் ஆறுதல். கல்லோயாத் தண்ணீர் எங்கள் நெல்லுக்கும் பாய்கிறது, இதே மாவட்டத்து ஹிங்குராணைக் கரும்புக்கும் பாய்கிறது. கரும்பிலிருந்து சீனி எடுத்தபின் மிஞ்சுகிற பாகில் எரிசாராயம் வடிக்கிறார்கள். 2020 ஜனவரியில் எதனோல் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியதிலிருந்து உள்நாட்டு வடிப்புக்கு மவுசு கூடிவிட்டது. போத்தலுக்குள் இருப்பது நம் மாவட்டத்துத் தண்ணீரும் வெயிலும்தான்.

அது எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிடுவோம். இந்த ஊரில் குடியை விட நினைக்கிற ஒருவர் எங்கே போய் உட்காருவார் என்பதுதான் என் கேள்வி.

ஊர் கைவசம் வைத்திருக்கிற வைத்தியங்கள் பல. மௌலவியிடம் கூட்டிப்போய்ப் புத்தி சொல்லவைப்பது. தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுப்பது. நாற்பது நாள் தப்லீக் ஜமாஅத்தில் அனுப்புவது. கல்யாணம் முடித்துவைப்பது. முடித்தும் திருந்தாவிட்டால் ஏஜென்சிக்குக் காசு கட்டிச் சவூதிக்கோ கத்தாருக்கோ ஏற்றிவிடுவது. அங்கே போத்தல் கிடைக்காது, கிடைத்தாலும் பயம் இருக்கும் என்பது கணக்கு. இவற்றில் எதையும் நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாலும் கரையேறியவர்கள் உண்டு. ஆனால் இவை எதிலுமே குடித்தவர் வாய் திறக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. மற்றவர் பேசுவார், இவர் தலையைக் குனிந்து கேட்பார். தன்னால் இன்னொருவருக்கு ஒரு உபகாரம் ஆகக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு எந்த இடத்திலும் தரப்படுவதில்லை.

கூட்டம் கூடிக் குடியை விடுகிற முறை இன்று உலகெங்கும் பரவியிருப்பது அந்த எண்ணத்திலிருந்துதான். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குச் சந்தைக்காரர் ஒரு கம்பனி விவகாரமாக ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகருக்குப் போயிருந்தார். போன காரியம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் பார், மறுபக்கம் டெலிபோனும் உள்ளூர்த் தேவாலயங்களின் பட்டியலும். பாருக்குள் போகாமலிருக்க வேண்டுமானால் இந்த நேரத்தில் இன்னொரு குடிகாரரிடம் பேசியாக வேண்டும் என்று அவருக்குப் பட்டது. பட்டியலில் இருந்த ஒரு பாதிரியார் மூலம் ஆள் மாறி ஆளாக விசாரித்து, ஹென்றியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியின் வீட்டில் டொக்டர் பொப் ஸ்மித்தைச் சந்தித்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டேன் என்று சொல்லி வந்த டொக்டர் ஆறு மணித்தியாலம் இருந்துவிட்டார்.

டொக்டர் பொப் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். சாராயம் ஈரலை என்ன செய்யும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரார்த்தனைக் குழுவொன்றுக்கும் அதற்கு முன்பே போய் வந்துகொண்டிருந்தவர். புத்தி சொல்ல ஆளில்லை என்ற குறை அவருக்கு இருந்ததே இல்லை. அன்று எதிரில் இருந்தவர் மட்டும் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அதுவும் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்னார். கேட்கிறவர் கேட்டதாலேயே சொல்கிறவர் பிழைத்தார். அதன் பிறகும் டொக்டர் ஒரு தடவை சறுக்கினார். ஜூன் 10ஆம் தேதி குடித்ததே கடைசி. அந்தத் தேதியைத்தான் அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. 1939இல் வந்த புத்தகத்தின் பெயரே இயக்கத்துக்கும் பெயராக நிலைத்தது.

கூட்டம் அமெரிக்காவில் பிறந்தது; தமிழ்ப் பரப்பில் குடிநோயின் ஒழுங்கான சிகிச்சைக்கு வழிதிறந்தவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த மறுவருடம், 1980இல், அவர் பெயரிலேயே சென்னையில் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று ஊர் சொல்வது அதைத்தான். பெரிய குடும்பத்து விதவை ஒருத்தி, மூடிமறைத்திருக்கக்கூடிய சாவை மூடிமறைக்காமல் விட்டதில்தான் அதன் அத்திவாரம் இருக்கிறது. சென்னைக்கு வந்து படுக்க வசதியில்லாதவர்களுக்காகத் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற இடங்களில் ஊராரின் துணையோடு முகாம்களும் போட்டார்கள். கிராமத்துக் குடியைக் கிராமத்தில் வைத்தே பார்க்கலாம் என்பதற்கு அது நமக்குக் கிட்டிய அத்தாட்சி.

ஏ.ஏ. கூட்டம் நடக்கிற இடத்தில் பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இராது. பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு சுடுதண்ணிப் போத்தலில் தேநீர். புதிதாக வருகிறவர் வாசலுக்குக் கிட்டே, தன் செருப்பு கண்ணில் படுகிற மாதிரி உட்காருவார். எழும்பிப் போக வேண்டி வந்தால் தேடக்கூடாது பாருங்கள். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, குடிநோயாளி என்று சொல்லித் தொடங்குவார். வயல் வாடியில் உரச்சாக்குக்கு அடியில் போத்தலை ஒளித்துவைத்ததையும், மனைவி கண்டுபிடித்த பிறகு மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஒரு துணியைச் சுற்றி வைத்ததையும், ஒருநாள் மகள் பேனை தேடி அதைத் திறந்ததையும் சொல்லிக்கொண்டு போவார். வாசலோரத்தில் இருப்பவர் அந்த இடத்தில் தன்னை அறியாமல் சிரித்துவிடுவார். அவருடைய போத்தலும் இப்போது அதே சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. குனிந்த தலை நிமிர்வது அப்போதுதான். பேசுகிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது. பேசி முடித்த பிறகும் "நான் ஒண்டு சொல்லட்டா" என்று ஆரம்பிக்கக் கூடாது. அடுத்தவர் தன் கதையைச் சொல்லலாம், அவ்வளவே. ஒரு மணித்தியாலத்தில் கூட்டம் முடியும். தேநீர் குடிக்கிற நேரத்தில் கைத்தொலைபேசி இலக்கம் கைமாறும். மஃரிப் நேரத்தில் நாக்கு வறண்டு கை தானாக மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடுகிறபோது அழைப்பதற்காக அந்த இலக்கம்.

நம் கரையில் இப்படியொரு கூட்டத்தைக் கற்பனை பண்ணுவது கொஞ்சம் கஷ்டம். இங்கே நாலு பேர் கூடினால் ஒரு பதாகை வேண்டும். பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று மூன்று வரிசை வேண்டும். கிராஅத், வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை. மறுநாள் படத்தோடு செய்தி. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்கள் இதில் இன்னும் இரண்டைச் சேர்த்துவிட்டன: வரவுப் பதிவுத் தாளும் சோற்றுப் பார்சலும். கையெழுத்துப் போடாமல் எழும்பினால் "வந்ததுக்கு அடையாளம் வேணுமே" என்று பின்னால் ஓடிவருவார்கள். கூட்டம் என்றால் அது யாரோ நமக்காக நடத்துவது, கணக்குக் காட்டப்படுவது என்று பழகிப்போனோம்.

ஏ.ஏ.யின் பன்னிரண்டு மரபுகளை 1950இல் கிளீவ்லண்ட் நகரில் கூடி ஏற்றுக்கொண்டார்கள். கல்முனைக் கரையைப் பார்த்து எழுதியவை போல இருக்கும் சில. வெளியார் காசு ஒரு சதமும் வாங்கக் கூடாது; தேநீர்ச் செலவுக்கு வந்தவர்களே ஒரு தட்டில் போட வேண்டும். வெளி விவகாரம் எதிலும் குழுவுக்கு அபிப்பிராயம் கிடையாது. பத்திரிகைக்குப் பெயரோ படமோ போகக் கூடாது. தலைவர் என்று ஆள்வதற்கு ஒருவரும் இல்லை. கதிரை அடுக்குவதும் தேநீர் ஊற்றுவதும் முறைபோட்டு வரும் வேலைகள். பொன்னாடைக்கும் இடமில்லை, தேர்தல் பேச்சுக்கும் இடமில்லை. பிரதேச செயலகத்தையே வடக்கு, தெற்கு என்று இழுத்துக்கொண்டு நிற்கிற கல்முனையில், வெளி விவகாரம் பேசுவதில்லை என்ற ஒரே விதி இருந்தால் போதும், தமிழரும் முஸ்லிமும் ஒரே வட்டத்தில் உட்கார. அவர்கள் ஏற்கெனவே ஒரே இடத்தில் உட்கார்ந்து குடித்தவர்கள்தான். நிறுத்துவதற்கு மட்டும் தனித்தனி அறை எதற்கு?

அநாமதேயம் என்ற விஷயத்தில்தான் ஊர்க்காரருக்கு முதல் சந்தேகம் எழும். நியூயோர்க்கில் பெயரை மறைக்கலாம். மாவடிப்பள்ளியில் யாருடைய நடையைப் பார்த்தும் இன்னாருடைய மகன், இன்ன இடத்தில் கல்யாணம் முடித்தவர் என்று சொல்லிவிடுவார்கள். நிறுத்தியிருக்கிற மோட்டார் சைக்கிளின் இலக்கமே போதும். ஆனால் அமெரிக்காவின் சின்ன ஊர்களிலும் இதே கதைதான். அங்கேயும் பெயர் தெரியாமல் ஒருவரும் உட்காரவில்லை. கேட்டதை வெளியே கொண்டுபோகமாட்டோம் என்ற வாக்கின் பேரில் உட்கார்ந்தார்கள். மஜ்லிஸில் பேசப்பட்டது அமானிதம் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொல்லியிருப்பதை நாம் சிறு வயதில் மத்ரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். அடைவு வைத்த நகையை அமானிதமாகப் பார்க்கத் தெரிந்த சமூகம், கேட்ட கதையை மட்டும் அப்படிப் பார்க்கப் பழகவில்லை. பெயரை மறைக்க இந்த ஊரால் முடியாது. வாயைக் காக்க முடியும். முதலாவது இல்லாமலும் கூட்டம் நடக்கும். இரண்டாவது இல்லாவிட்டால் இரண்டாம் வாரம் ஒருவரும் வரமாட்டார்.

இதைவிடக் கனமான ஆட்சேபணை மார்க்கத்தின் பக்கமிருந்து வரும். செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்துவைத்திருக்க, விடிந்ததும் அதை ஊருக்குச் சொல்லித் திரிகிறவரை ஹதீஸ் கண்டிக்கிறது. அப்படியிருக்க, வட்டமாக இருந்து தன் குடியைச் சொல்வது கூடுமா? நியாயமான கேள்வி. இந்தக் கரை ஷாஃபி மத்ஹபுக் கரை; இமாம் நவவி நமக்கு அந்நியரல்ல. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், தமது அத்கார் நூலில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். பாவத்தை வெளியே சொல்வது வெறுக்கப்பட்டது. ஆனால் அதிலிருந்து மீளும் வழியைக் காட்டக்கூடியவரிடம், அல்லது தனக்காக துஆச் செய்யக்கூடியவரிடம், அந்த நோக்கத்தோடு சொல்வதில் குற்றமில்லை, அது நல்லதும்கூட என்பது அவர் கருத்து. பெருமைக்குச் சொல்வது ஒன்று, மருந்துக்குச் சொல்வது ஒன்று. டொக்டரிடம் நோயைச் சொல்கிறவரை நாம் பாவத்தைப் பறைசாற்றுகிறார் என்பதில்லை.

தொழுகை பற்றிய நாற்பது நாள் விஷயம் இதைவிட ஊரைக் கெடுத்திருக்கிறது. குடித்தவருடைய தொழுகை நாற்பது நாளைக்கு ஏற்கப்படாது என்ற ஹதீஸை எல்லாரும் அறிவார்கள். அதற்கு அறிஞர்கள் சொன்ன விளக்கத்தை அறிந்தவர்கள் குறைவு. தொழுகையின் கூலி கிடைக்காது, கடமை மட்டும் அப்படியே இருக்கிறது, தொழுதே ஆகவேண்டும் என்பது விளக்கம். ஊர் விளங்கிக்கொண்டது தலைகீழாக. "குடிச்சவனுக்குத் தொழுகையும் இல்ல" என்று சொல்லிச் சொல்லி, குடிக்கிறவரும் அதை நம்பி, பள்ளிவாசல் பக்கமே காலெடுத்து வைப்பதில்லை. நாள்தோறும் ஐந்து தடவை ஆண்கள் கூடுகிற ஒரே இடம் அவருக்கு அப்படித்தான் அடைபடுகிறது. ஊரில் அவருக்காக மிஞ்சுவது கூடக் குடிக்கிறவர்கள் மட்டுமே.

புகாரியில் ஒரு சஹாபியின் கதை இருக்கிறது. பெயர் அப்துல்லாஹ்; கழுதை என்று பட்டப்பெயர். நபியைச் சிரிக்கவைக்கிற மனிதர். குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டார், தண்டனையும் பெற்றார். ஒரு தடவை கூடியிருந்தவர்களில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் அதைத் தடுத்து, அல்லாஹ்வையும் றஸூலையும் நேசிக்கிறவர் அவர் என்று சாட்சி சொன்னார்கள். தண்டனையும் நடந்தது, ஆளையும் வெளியே தள்ளவில்லை. அவர் பிறகு நிறுத்தினாரா என்று அந்த அறிவிப்பு சொல்லவில்லை. நிறுத்தினால்தான் எங்கள் ஆள் என்று நிபந்தனை போடாத ஒரு சபையை அது நமக்குக் காட்டுகிறது. ஏ.ஏ.யின் மூன்றாவது மரபும் அதையே கேட்கிறது: குடியை விட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், விட்டிருக்க வேண்டும் என்றில்லை.

ஏ.ஏ. கிறிஸ்தவர்களுடையது என்று ஒரு பேச்சு உண்டு. ஒக்ஸ்ஃபர்ட் குரூப் என்ற கிறிஸ்தவ வட்டத்திலிருந்துதான் அது பிரிந்து வந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடியிலிருந்து மீள்வதற்கான படிகளை எழுதும்போதே இறைவனை அவரவர் விளங்கிக்கொண்டபடி என்று வழி விட்டார்கள். 1989இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்து முஸ்லிம்கள் பன்னிரண்டு படிகளையும் இஸ்லாமிய முறையில் அமைத்து மில்லத்தி இஸ்லாமி என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஏ.ஏ.யின் வழியில் போதைப்பொருள் பாவனையாளருக்காக உண்டான நார்கொட்டிக்ஸ் அனொனிமஸ் ஈரானில் வேரூன்றிய அளவுக்கு உலகத்தில் வெகுசில நாடுகளிலேயே வேரூன்றியிருக்கிறது. மார்க்கத் தீர்ப்பைச் சட்டமாகவே வைத்திருக்கிற ஒரு நாடு, சட்டத்தால் மட்டும் ஆகாது என்று கண்டு கதிரைகளை வட்டமாகப் போட இடம் கொடுத்திருக்கிறது.

நம் ஊரில் இதற்கு மிகக் கிட்டிய உறவு தப்லீக் ஜமாஅத். குடித்தவரைப் பழைய கூட்டாளிகளிடமிருந்தும் பழைய பாதையிலிருந்தும் பிரித்து, நாற்பது நாள் வேறு ஊர்ப் பள்ளிகளில் தங்கவைத்து, ஒரே சஹனில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, நேரத்துக்கு எழுப்பி நடத்துகிறார்கள். இந்தக் கூட்டு வாழ்க்கையின் பலத்தைக் குறைத்துப் பேச முடியாது. ஏ.ஏ. சொல்கிற பல விஷயங்கள் அதில் இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான். ஜமாஅத்தில் பழைய வாழ்க்கையைப் பற்றி வாய் திறப்பதில்லை, கேட்பதும் அதபு அல்ல. நாற்பத்தோராம் நாள் ஊருக்கு வந்து இறங்குகிறவருக்குத் தாடி இருக்கிறது, மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையே பாரமாகிவிடுகிறது. மூன்றாம் மாதம் ஒரு மாலை நேரம் ஆசை கிளம்பினால் யாரிடம் சொல்வார்? திருந்தியவராக ஊர் ஏற்றுக்கொண்டவர், திருந்துவது இன்னும் முடியவில்லை என்று யாரிடம் ஒப்புக்கொள்வார்? தௌபா ஒருவருக்கும் இறைவனுக்கும் இடையில் நடப்பது. அதற்கு நடுவில் ஆள் வேண்டியதில்லை. தௌபாவுக்குப் பிந்திய செவ்வாய்க்கிழமைகளுக்குத்தான் ஆள் வேண்டும்.

இந்தக் கரையின் குடும்ப அமைப்பும் இதில் ஒரு கை வைத்திருக்கிறது. தாய்வழி உறவு ஓங்கிய ஊர்கள் இவை. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்கிறார். ஒரே வளவுக்குள் மாமியும் ராத்தாமாரும் தங்கச்சிமாரும். எனவே குடிக்கிற மருமகன் தன் வீட்டுக் கூரையின் கீழ் குடித்துவிட்டு வருவதில்லை, மாமியார் கட்டிய வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கு இது ஒரு பெரிய காப்பு: தெருவில் நிற்க வேண்டி வராது. அவரைத்தான் வெளியே போகச் சொல்வார்கள். போனால் போவது உம்மாவின் வீட்டு முன்விறாந்தைக்கு. உம்மாவுக்குப் பிறகு அதுவும் தங்கச்சியின் சீதன வீடு. குடி முற்றிய ஆணுக்கு இங்கே தங்குமிடமே இல்லாமல் போவது இப்படித்தான். வேறு ஊர்களில் வீட்டோடு கட்டிக் காக்கிற பிணைப்பு இங்கே முதலில் அறுகிறது.

பெண்களின் பக்கமும் பேசப்பட வேண்டும். பில் வில்சனின் மனைவி லொயிஸ் 1951இல் குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்காக அல் அனொன் என்ற அமைப்பை உருவாக்கினார். கணவர்கள் உள்ளே கூட்டத்தில் இருக்க, வெளியே காத்திருந்த மனைவிமார் தமக்குள் பேசத் தொடங்கியதில் முளைத்தது அது. அதன் சாரம் ஒன்றுதான்: அவருடைய குடியை நீ உண்டாக்கவில்லை, உன்னால் அடக்கவும் முடியாது, உன் வாழ்க்கையை நீ பார். நம் வளவுகளில் பெண்கள் ஏற்கெனவே கூடித்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு, போத்தலை எங்கே தேடலாம், காசை எங்கே ஒளிக்கலாம், எந்தப் பரிசாரிக்கு என்ன கொடுக்கலாம் என்பதிலேயே சுற்றும். "நீ நல்லா இருந்தா அவர் ஏன் குடிக்கிறார்" என்று ஒரு மாமி கேட்டுவிட்டால், அந்தப் பெண் அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டார்.

கூட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. கூட்டம் வைத்தியத்துக்கு மாற்றல்ல. வருடக்கணக்காக நாள்தோறும் குடித்தவர் சடுதியாக நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளளவில் சிலருக்கு இல்லாத ஆட்கள் தெரிவார்கள், பூச்சி ஊர்வது போலிருக்கும், நேரம் இடம் குழம்பும். அது உயிரையே கொண்டுபோகக்கூடிய நிலை. நம் ஊரில் இது நடக்கிற காலம் பெரும்பாலும் நோன்பு. றமழான் பிறை கண்டதும் மன உறுதியோடு ஒரேயடியாக நிறுத்துகிறார். மூன்றாம் நோன்பில் பிதற்றத் தொடங்குகிறார். ஜின் பிடித்துவிட்டது என்று ஓத ஆள் தேடுகிறார்கள். ஓதட்டும், தடையில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து ஓதட்டும். விற்றமின் பி1 ஊசியும், நடுக்கத்தை அடக்கிப் படிப்படியாகக் குறைக்கிற மாத்திரையும் அங்கேதான் இருக்கின்றன. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஒருவரைப் பூட்டிய அறைக்குள் நடுங்கவிடுவது வைராக்கியம் ஆகாது.

கூட்டத்தின் பலன் எவ்வளவு என்று கேட்டால் கணக்கும் இருக்கிறது. 2020இல் ஜோன் கெல்லியும் இன்னும் இருவரும் சேர்ந்து 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களோடு கொக்ரேன் மீளாய்வாகத் தொகுத்தார்கள். முறையான வழிகாட்டலோடு ஏ.ஏ.க்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு வருடம் கழித்தும் முழுதாகக் குடிக்காமலிருந்தவர்கள் சுமார் 42 வீதம். வேறு உளவியல் சிகிச்சைகளில் 35 வீதம். மந்திரம் என்று சொல்ல முடியாது, பாதிக்கு மேற்பட்டவர்கள் சறுக்கியிருக்கிறார்கள். ஆனால் கட்டணம் வாங்காத, மருந்தில்லாத, படித்தவர் தேவைப்படாத ஒரு முறை, படித்தவர் நடத்துகிற முறைகளுக்குப் பின்தங்கி நிற்கவில்லை. சறுக்கியவரும் மறுவாரம் வந்து அதே கதிரையில் இருக்கலாம் என்பது இந்தக் கணக்கில் வராத பலன்.

தேடிப் போக நினைக்கிறவருக்குப் பாதைகள் இருக்கின்றன. முதல் படி வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. அந்தப் பெயரைக் கேட்டுக் கூசுகிறவர், வெளிநோயாளர் பிரிவில் ஈரலுக்குக் காட்ட வந்ததாகச் சொல்லிக்கொண்டே டொக்டரிடம் உண்மையைச் சொல்லலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வேறு பல அலுவல்களுக்கும் அங்கே போவது வழக்கமென்பதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம். கொழும்புக்குப் போய் வரக்கூடியவருக்கு, 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர குடிக்கும் போதைக்குமென்றே இருக்கிறது. காசு வாங்குவதில்லை. கொரோனா ஊரடங்கில் உலகெங்கும் ஏ.ஏ. கூட்டங்கள் ஜூமுக்கு மாறியபோது தமிழ்நாட்டுக் குழுக்களும் மாறின. கமெராவை அணைத்துவிட்டு, காதில் இயர்போனைச் செருகி, வரம்பில் இருந்தபடி மதுரைக்காரர் ஒருவரின் கதையைக் கேட்கலாம். பேச்சு வழக்கு வேறாக இருக்கும்; போத்தல் ஒளித்த இடம் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் கைத்தொலைபேசிக் கூட்டம் நல்ல தொடக்கம் மட்டுமே. மஃரிப் நேரத்து ஆசைக்கு மதுரைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கமாட்டார்.

அதற்கு உள்ளூரில் ஒருவர் வேண்டும். அவர் இருக்கிறார். குடித்துப் பிறகு அதை விட்டவர் ஒருவராவது இல்லாத ஊர் இந்தக் கரையில் இராது. முன்சஃப்பில் நின்று தொழுகிறார், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குகிறார், பழையதைப் பேசுவதில்லை. பேசாமலிருப்பதுதான் கண்ணியம் என்று அவருக்குச் சொல்லித் தந்திருக்கிறோம். ஊரில் இந்த விஷயத்தில் அவரளவுக்கு அறிவுள்ளவர் வேறு யாருமில்லை, மௌலவியும் இல்லை, டொக்டரும் இல்லை. அந்த அறிவு அவரோடு மையவாடிக்குப் போகப்போகிறது. அவர் மேடையேற வேண்டாம். நடுங்குகிற ஒருவரின் வளவுக்கு ஒரு மாலை போய், தன் கதையைச் சொல்லிவிட்டு, புத்தி ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்தால் போதும். அக்ரனிலும் அன்றிரவு இருந்தவர்கள் இரண்டு பேர்தான். அதில் ஆதாயம் அவருக்கும் உண்டு. எத்தனை வருடம் ஆனாலும், விட்டவருக்கும் ஆசை முழுதாகச் செத்துவிடுவதில்லை.

நம்பிக்கையாளர் சபைகளிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. பயான் வேண்டாம், போதை ஒழிப்பு ஊர்வலம் வேண்டாம், பதாகை வேண்டாம். பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஏதோ ஒரு அறையின் சாவி, கிழமைக்கு ஒரு மணித்தியாலம், உள்ளே போகிறது யார் என்று எட்டிப்பார்க்காத பெருந்தன்மை. சாவியும் நேரமும் நாளைக்கே கிடைக்கும். மூன்றாவதுதான் நமக்குப் பழக்கமில்லாதது, ஊர் முழுக்கச் சேர்ந்து பழக வேண்டியதும் அதுவே.